கறண்ட் எலியின் முகம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். அம்மா, அப்பா, நான், கைவிசேடக் காசு வாங்க வந்த பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா. இல்லாதவர் ஒருவர்தான். அண்ணா.

சித்திரை வருசப் பிறப்பு. எனக்குப் பத்து வயது. தலையில் வைத்த மருத்துநீர் கழுத்து வழியாக இறங்கிப் புதுச் சேட்டின் காலரை நனைத்திருந்தது. மஞ்சளும் மிளகும் ஏதோ பச்சிலையும் கலந்த அந்த மணம் எங்கே வந்தாலும், இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓர் எலியின் முகம்.

போன வாரம் அப்பா வேலைக்குக் கட்டும் மாவு படிந்த சாரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், ‘உங்களுக்கு அண்ணன் ஒருவர் இருப்பதாக முன்பொரு தடவை சொன்னீர்கள், பிறகு அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லையே’ என்று கேட்டிருக்கிறார். இல்லாததற்குக் காரணம் உண்டு. அண்ணாவைப் பற்றி எழுதினால் இந்த எலியைப் பற்றியும் எழுத வேண்டிவரும். எலியைப் பற்றி எழுதினால் நான் செய்ததையும் எழுத வேண்டிவரும்.

நல்ல நேரம்

நாங்கள் இருந்த பாலையூற்றில், எங்கள் ஒழுங்கையின் எல்லா வீட்டுக்கும் நல்ல நேரம் பார்த்துச் சொல்வது செல்வி அக்காதான். தையல் வேலை செய்பவர். கலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு வந்து வாசலில் நின்று, ஒன்பது மணி தாண்டினால் நேரம் சரி என்றார்.

வருசத்தில் அந்த நேரம் வந்ததும் எல்லோரும் தங்கள் தொழிலைத் தொடக்கிவைக்க வேண்டும். செல்வி அக்கா தன் மெசினில் ஒரு முழம் தையல் ஓட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். அப்பாவுக்குத் துறைமுகப் பக்கத்துக் கோதுமை மா ஆலையில் மூட்டை ஏற்றும் வேலை. மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கியைக் கழுவிச் சந்தனம் வைத்து, அரிசிச் சாக்கை ஒரு தரம் கொளுவித் தூக்கிவிட்டு வைத்தார். அம்மா அடுப்பு மூட்டினார். நான் புதுக் கொப்பி ஒன்றை விரித்து முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன்.

எழுதினேன் என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அம்மா பள்ளிக்கூட வாசல் படலையைத் தாண்டாதவர். அப்பா இரண்டாம் வகுப்பு. அண்ணா ஐந்தோடு நின்றுவிட்டுத் துறைமுகத்துக்குப் போனவர். வீட்டுக்கு வரும் கடிதமோ கறண்ட் பில்லோ மருந்துத் துண்டோ, எது வந்தாலும் வாசிப்பது நான். நான் வாசித்ததுதான் அதில் இருப்பது.

அடுப்பில் பால் வைத்துவிட்டு அம்மா எழும்பி வந்தார்.

“தீபனுக்கு ஆர் தொடங்கி வைக்கிறது?”

அப்பா கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செல்வி அக்கா என்னைப் பார்த்தார். அண்ணாவின் தொழில் படகு. படகு வேறு ஆளின் படகு. அண்ணாவின் கை பட்ட சாமான் என்று வீட்டில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா அலுமாரியைத் திறந்து, சாறித் துண்டில் சுற்றி வைத்திருந்த அந்தச் சாம்பல் நிறப் பெட்டியை எடுத்து வந்தார்.

இரண்டு குலை செவ்விளநீர்

அந்தப் பெட்டி எங்களிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்தில் கோதுமைக் கப்பல்கள் வந்து நாள்கணக்கில் நிற்கும். அண்ணா வேலை செய்த படகு அந்தக் கப்பல்களுக்கு மரக்கறியும் பழமும் இளநீரும் கொண்டுபோய்க் கொடுக்கும். ஒருமுறை கப்பல்காரப் பொடியன் ஒருவன், அண்ணாவின் வயதுதான் இருக்குமாம், இரண்டு குலை செவ்விளநீருக்குப் பதிலாக இதைக் கயிற்றில் கட்டி இறக்கியிருக்கிறான்.

கைக்குள் அடங்கும் கேம் பெட்டி. நாலு சின்ன ரோச் பற்றரி போட வேண்டும். திரைக்குத் தனி வெளிச்சம் இல்லை. அதனால் பகலில், வாசலுக்கு வந்து, வெயில் விழும் பக்கமாகச் சரித்துப் பிடித்தால்தான் எதுவும் தெரியும்.

உள்ளே ஒரு நாடு இருந்தது. புல்லுக்குள் நடந்தால் விதவிதமான பிராணிகள் வரும். பிடிக்கலாம், பழக்கலாம், மற்றவர்களின் பிராணிகளோடு மோத விடலாம். பிடித்தவற்றையெல்லாம் சின்னப் பந்துக்குள் அடைத்துவைத்துக்கொண்டு திரிய வேண்டும். ஒன்றைத் தவிர. ஒரு சின்ன எலி. உருண்டைக் கன்னம், மின்னல் வெட்டினது போல ஒரு வால். கன்னத்திலிருந்து மின்சாரம் பாய்ச்சும். அது மட்டும் பந்துக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடித்து, நாங்கள் போகும் இடமெல்லாம் பின்னாலேயே நடந்து வரும்.

பெட்டிக்குள் செருகும் துண்டில் அதன் படம் மஞ்சளில் இருந்தது. திரையில் எல்லாமே பாசி நிறம்தான். நாங்கள் அதற்கு வைத்த பெயர் கறண்ட் எலி.

அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. அரிசி வாளிக்குப் பக்கத்தில் எலிப்பொறி வைக்கிற மனுசி அவர். “எலியைப் பிடிச்சு வளக்கிற ஆக்களை இப்பதான் பாக்கிறன்” என்பார். கறண்ட் போகும் நேரங்களில், “எங்க உன்ர எலி? கொண்டுவந்து பல்ப்பில செருகு பாப்பம்” என்று அண்ணாவைச் சீண்டுவார்.

எலியிடம் ஒரு விசேசம் இருந்தது. நடந்துகொண்டே திரும்பி, அதைப் பார்த்து நின்று பொத்தானை அமத்தினால், அதன் முகம் திரை முழுக்கப் பெரிதாக வரும். எங்களில் அதற்கு எவ்வளவு விருப்பம் என்பது முகத்தில் தெரியும். சந்தோசமென்றால் கண்ணை மூடிச் சிரிக்கும். கோபமென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்கு எழுத்து வாசிக்கத் தேவையில்லை. ஒருநாள் அண்ணா பலவந்தமாக அம்மாவின் கையில் பெட்டியை வைத்துப் பொத்தானை அமத்தச் சொன்னார். எலி சிரித்தது. அம்மாவும் சிரித்துவிட்டார். அதோடு சரி, பொறிக்கும் கேமுக்கும் சம்பந்தமில்லை என்றாகிவிட்டது.

கூடாரம், மலை, மலை, கூடாரம்

கேம் தொடங்கும்போது விளையாடும் ஆளின் பெயரைக் கேட்கும். அண்ணா தன் பெயரைக் கொடுக்கவில்லை. கப்பல்களில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்து ஆங்கில எழுத்துகள் பிடித்து வைத்திருந்தவர், நாலு எழுத்தில் ‘அம்மா’ என்று கொடுத்திருந்தார்.

ஏன் என்று கேட்டேன்.

“இந்த வீட்டில ஓரிடமும் போகாத ஆள் அம்மாதானே. இதுக்குள்ளயாவது ஊர் சுத்தட்டும்.”

அந்த நாலு எழுத்தை அம்மாவுக்குக் காட்டியும் கொடுத்தார். முதலில் ஒரு கூடாரம், பிறகு பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மலை, கடைசியில் திரும்பவும் கூடாரம். அம்மா வாழ்க்கையில் வாசிக்கப் பழகிய முதல் சொல் அது. பெட்டியைப் போட்டதும் திரையில் பெயர் வரும்போது விரலை வைத்து, கூடாரம், மலை, மலை, கூடாரம் என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பார்.

அதற்கு முந்தின வருசம், சோளகக் காற்றுத் தொடங்கியிருந்த ஒரு பின்னேரம், இறக்கக்கண்டியில் சிநேகிதன் ஒருவனின் படகு எஞ்சின் பழுதாம், பார்த்துக் கொடுத்துவிட்டு இரண்டு நாளில் வருவேன் என்று அண்ணா புறப்பட்டார். சின்னப் பை ஒன்றுதான் கையில். படலை வரை போனவர் திரும்பி வந்து பெட்டியை அம்மாவிடம் கொடுத்தார்.

“அம்மா, ஒரு நாளைக்கு ஒருக்கா இதின்ர மூஞ்சியைப் பாருங்கோ. இது சிரிச்சுக்கொண்டிருந்தா நான் சுகமா இருக்கிறன் எண்டு நினையுங்கோ.”

பகிடியாகத்தான் சொன்னார். இரண்டு நாள் பயணத்துக்கு யார் இப்படிச் சொல்வார்கள் என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

மூன்றாம் நாள்தான் தெரியவந்தது. அந்த இறக்கக்கண்டிச் சிநேகிதனையும் அவன் வீட்டில் காணவில்லை. ஒரு படகில் பலபேர் அவுஸ்திரேலியாவுக்கு என்று போய்விட்டார்கள். அப்பா சாப்பிடாமல் வேலைக்குப் போய்ச் சாப்பிடாமல் வந்தார். நாற்பத்தொரு நாள் ஒரு செய்தியும் இல்லை. அந்த நாற்பத்தொரு நாளும் அம்மா வாசலுக்கு வந்து வெயிலில் பெட்டியைச் சரித்து, திரும்பி, பொத்தானை அமத்திப் பார்த்தார். எலி சிரித்தது.

வளர்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அம்மாவுக்குக் கேமைச் சேமிக்கத் தெரியாது. முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே சுவிச்சை அணைத்துவிடுவார். அதனால் ஒவ்வொரு நாளும் பெட்டி தொடங்கியது அண்ணா கடைசியாகச் சேமித்த அதே இடத்தில். அம்மா நாற்பத்தொரு நாளும் பார்த்தது ஒரே ஒரு பின்னேரத்தின் சிரிப்பை. அண்ணா படலையிலிருந்து திரும்பி வந்த அந்தப் பின்னேரத்தின் சிரிப்பு.

பிறகு தொலைபேசி அழைப்பு வந்தது. கடலில் பிடித்து ஒரு தீவிலுள்ள முகாமில் வைத்திருக்கிறார்களாம். சுகமாம். அம்மா அதிகம் அழவில்லை. “எனக்குத் தெரியும்” என்றார்.

புதுக் கொப்பி

அந்த வருசப் பிறப்புக்குத் திரும்பி வருகிறேன்.

அம்மா பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். செல்வி அக்கா மணியைப் பார்த்து, ஓம், நேரம் சரி என்றார். “தம்பி, நீதானே வாசிக்கிறனி. அண்ணாவுக்கு நல்லபடியாத் தொடங்கி விடு” என்று அம்மா பெட்டியை என் கையில் தந்தார்.

போட்டதும் திரையில் இரண்டு வரி. மேலே இருப்பது விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு. கீழே இருப்பது புதிதாகத் தொடங்குவதற்கு. இரண்டையும் என்னால் வாசிக்க முடிந்தது. பிழை வாசிப்பில் இல்லை.

வருசம் புதிதென்றால் கொப்பியும் புதிது. அதுதான் எனக்குத் தெரிந்த முறை. பழைய கொப்பியை ஒருவரும் எறிவதில்லை. சணல் கயிற்றால் கட்டி அலுமாரிக்கு மேலே வைப்போம், எப்போது கேட்டாலும் எடுக்கலாம். அப்பாவின் கொக்கிக்குப் புதுச் சந்தனம், எனக்குப் புதுக் கொப்பி, அண்ணாவுக்குப் பழைய இடத்திலிருந்து தொடங்குவதா? நல்ல நேரத்தில் புதிது தொடங்கினால் அண்ணாவுக்கு அங்கே எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று மனதார நினைத்தேன். கீழே இருந்த வரியை அமத்தினேன்.

பெயர் கேட்டது. நாலெழுத்து நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் செல்வி அக்கா தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்க, என் பெயரை எனக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரியும் என்று காட்டுகிற ஆசை வந்துவிட்டது. ரூபன். ஐந்து எழுத்து.

கொஞ்ச நேரத்தில் எலி வந்து பின்னால் நடக்கத் தொடங்கியது. சேமிக்கப் போனபோது ஒரு நீண்ட வசனம் வந்தது. அதில் பழையது என்ற சொல்லும் கடைசியில் சம்மதமா என்ற கேள்வியும் எனக்கு விளங்கின. நடுவில் இருந்த சொல் நாங்கள் இன்னும் படிக்காதது. எங்கள் வகுப்பில் ஆங்கிலத்தில் எது கேட்டாலும் ஓம் என்பதுதான் வழக்கம். ஓம் என்று அமத்தினேன்.

அந்த நடுச் சொல்லுக்கு அழித்தல் என்று பொருள். அடுத்த தவணையில் படித்தோம்.

முகம் திருப்பிய நாள்

பால் பொங்கி இறக்கியபின் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியை வாங்கினார். திரும்பி, பொத்தானை அமத்தினார்.

எலி சிரிக்கவில்லை. ஒரு பக்கமாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. புதிதாகத் தொடங்கும்போது அதற்கு எங்களைப் பிடிக்காது, பழகித்தான் பிடிக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது.

திரும்பவும் அமத்தினார். திரும்பவும் அதே முகம்.

“இது என்னைத் தெரியாத மாதிரிப் பாக்குது” என்றார் அம்மா.

அணைத்து, திரும்பப் போட்டார். பெயர் வரும் இடத்தில் விரலை வைத்தார். விரல் நின்ற இடத்திலேயே நின்றது.

“தம்பி, இதில கூடாரம் முன்னுக்கு இல்லை. என்ர பேர் எங்க?”

மேலே இருக்க வேண்டிய பழையது அங்கே இல்லை என்பதை அப்போதுதான் நானும் கண்டேன். அலுமாரிக்கு மேலே தேடினால் எடுக்கலாம் என்று நினைத்திருந்த கொப்பி எரிந்துபோய்விட்டது. அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் பார்த்தார். இந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான்.

“அது அண்ணாவின்ர பேர் அம்மா” என்றேன். “அவர் தூர இடத்துக்குப் போனதால அவற்ற பேருக்கு மாறியிட்டுது.”

அம்மா அந்த ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். “ஓமோ. தீபன் எண்டு இப்பிடியோ எழுதிறது” என்றார். நம்பினார். ஏன் நம்பாமல் இருக்க வேண்டும். கறண்ட் பில்லை நம்பியவர், மருந்துத் துண்டை நம்பியவர்.

பெயர் அண்ணாவுடையது என்றால் கோபமாக இருப்பது அண்ணா. அண்ணாவுக்கு ஏதோ ஆகிவிட்டது. அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். நான் அந்த நேரத்துக்குச் சொன்ன பொய்யில் இவ்வளவு இருந்தது எனக்கு அப்போது தெரியவில்லை. அதன் பிறகு ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், தொலைபேசி அழைப்பும் வரவில்லை.

அந்த ஏழு கிழமையும் அம்மா தேத்தண்ணிக்குச் சீனி போடவில்லை. காளி கோயிலுக்கு நடந்தே போய் நடந்தே வந்தார். சாம்பல்தீவில் பெரியம்மா வீட்டுக் கலியாணத்துக்கு அப்பாவையும் என்னையும் மட்டும் அனுப்பினார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று எத்தனையோ தரம் யோசித்தேன். சொன்னால் அம்மாவின் பயம் போய்விடும். ஆனால் நான் வாசிப்பது பொய் என்றாகிவிடும். எனக்குப் பத்து வயது. அந்த வீட்டில் என்னிடம் இருந்த மதிப்பு அது ஒன்றுதான்.

மூன்று வீடும் ஒரு துண்டுக் கடலும்

எலிக்கு நடக்கப் பிடிக்கும் என்று அண்ணா எப்போதோ சொன்னது நினைவிருந்தது. நடந்தால் கோபம் ஆறும் என்று அம்மாவிடம் சொன்னேன். அது மட்டும் உண்மை. சேமிக்கவும் பழக்கினேன். வாசிக்கத் தேவையில்லை, எண்ணினால் போதும்: கீழே எத்தனை தரம், பிறகு வட்டப் பொத்தான் எத்தனை தரம்.

அம்மா நடந்தார்.

புல்லுக்குள் போனால் பிராணிகள் மோத வரும் என்பதால் புல்லுக்குள் போகமாட்டார். கேம் தொடங்கும் அந்தச் சின்ன ஊருக்குள்ளேயே நடப்பார். மூன்று கட்டடம், கொஞ்சப் பூச்செடி, தெற்கே ஒரு துண்டுக் கடல். வீட்டு வாசலிலிருந்து கடற்கரை, கடற்கரையிலிருந்து வீட்டு வாசல். எலி பின்னாலேயே போகும். கடல் விளிம்பில் கொஞ்சம் நிற்பார். பிறகு திரும்பி முகத்தைப் பார்ப்பார். பிறகு நடப்பார். உலகம் முழுக்கச் சுற்றட்டும் என்று அண்ணா வாங்கிவந்த நாட்டில் அம்மா அந்த ஊரை விட்டு வெளியே போகவே இல்லை.

பற்றரி பெரிய பாடு. தீர்ந்த பற்றரிகளை அம்மா மிளகாயோடு சேர்த்துத் தட்டில் பரப்பி வெயிலில் வைப்பார். சூடேறினால் இன்னும் ஐந்து நிமிடம் தரும். சுவர் மணிக்கூட்டின் பற்றரியும் அடிக்கடி காணாமல் போகும். “இந்த வீட்டில நேரம் பாக்கிறதெண்டால் செல்வியிட்டத்தான் போகோணும்” என்று அப்பா முணுமுணுப்பார்.

ஏழாம் கிழமை எலி லேசாகச் சிரித்தது. அந்தக் கிழமையே அண்ணாவின் அழைப்பும் வந்தது. முகாமில் தொலைபேசி பழுதாக இருந்ததாம். அம்மா எல்லாவற்றையும் சொன்னார்: எலி கோவிச்சது, நடத்தி நடத்தி இப்போதுதான் முகம் தெளிந்தது, இனிப் பயமில்லை. அண்ணா போனைத் தம்பியிடம் கொடுக்கச் சொன்னார்.

“புதுசாத் தொடங்கினனியோ?”

“ஓம்.”

“அம்மாவுக்குச் சொன்னனியோ?”

“இல்லை.”

அவருக்குப் பின்னால் பல பேர் கதைக்கும் இரைச்சல்.

“சொல்லாத. அவ நடக்கட்டும்” என்றார் அண்ணா.

எண் நின்ற அன்று

பெட்டியைப் போட்டதும் பெயருக்குக் கீழே ஓர் எண் வரும். விளையாடிய நேரம், மணித்தியாலமும் நிமிடமும். ஒருநாள் அது என்னவென்று அம்மா கேட்டபோது விளங்கப்படுத்தினேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும், சந்தையில் யாரும் ஏமாற்ற ஏலாது. அதன் பிறகு முகத்தோடு எண்ணையும் பார்க்கத் தொடங்கினார். பற்றரி தருகிற நாளில் பத்து நிமிடம் ஏறும், தராத நாளில் இரண்டு நிமிடம்.

வருசங்கள் போயின. அண்ணாவை முகாமிலிருந்து வெளியே விட்டார்கள். ஒரு கோழித் தொழிற்சாலையில் வேலை. ஆனால் கையில் இருப்பது தற்காலிக விசாக் கடதாசி. அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக ஏலாது, வராமல் இருந்தால் எங்களைப் பார்க்க ஏலாது.

எனக்குப் பதினாறு வயது, சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்த காலம். ஒரு மத்தியானம் தனியார் வகுப்பு முடிந்து வந்தால், கொடியில் அண்ணாவின் நீலச் சாரம் காய்கிறது. ஏழு வருசமாக அலுமாரியில் கிடந்த சாரம். வீடு கழுவியிருந்தது. மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டிருந்தார் அம்மா. அடுப்பில் அண்ணாவுக்குப் பிடித்த இறால் குழம்பு.

என்ன விசேசம் என்று கேட்டேன்.

“எண் நிண்டிட்டுது தம்பி. மூண்டு நாளாப் பாக்கிறன், ஏறயில்லை. கணக்கு முடிஞ்சுது. அவன் வரப்போறான்.”

சொல்லும்போது முகம் மினுங்கியது. எலியின் முகத்தைப் போல என்று அப்போது தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அம்மாவை வாசலில் இருத்தினேன். பெட்டிக்கு அவ்வளவுதான் எண்ணத் தெரியும், அதற்கு மேலே அது எண்ணாது, விளையாட்டு நடக்கும், நேரம் மட்டும் அப்படியே நிற்கும் என்று சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். மினுக்கம் மெல்ல இறங்கியது. பெட்டியைக் கையில் எடுத்துத் துடைத்தார்.

“சரி. அப்ப அண்ணா விளையாடின நேரமும் இதுக்குள்ளதானே?”

ஓம் என்று சொன்னால் முடிந்திருக்கும். வகுப்பில் சொல்வது போல, திரையில் சொன்னது போல, இன்னுமொரு ஓம். கொடியில் சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இல்லை அம்மா. அதை நான் அழிச்சுப் போட்டன்.”

வருசப் பிறப்பிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பி என்று நினைத்தது, நீண்ட வசனம், ஓம் என்று அமத்தியது. முடிந்ததும் அம்மா பெட்டியைப் போட்டு, பெயரில் விரலை வைத்தார்.

“அப்ப இந்த அஞ்செழுத்து ஆற்ற பேர்?”

“என்ர.”

“இவ்வளவு காலமும் உன்ர எலியையோ நான் நடத்தித் திரிஞ்சனான்?”

பெயரிலிருந்து விரலை எடுத்தார்.

“நீ இஞ்சதானே இருந்தனி” என்றார் அம்மா. “பக்கத்திலதானே இருந்தனி.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு கேட்டார்:

“தீபனுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது.”

எழும்பிப் போய்க் கொடியிலிருந்த சாரத்தை எடுத்தார். இன்னும் ஈரம். உதறி, மடித்து, ஈரத்தோடேயே அலுமாரிக்குள் வைத்தார். இறால் குழம்பை நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். அப்பா நல்லாயிருக்கு என்றார்.

இரண்டாம் வாசிப்பு

அடுத்த மாதம் அண்ணாவின் கடதாசி சம்பந்தமாக ஒரு கடிதத்தின் பிரதி வந்தது. ஆங்கிலம். உட்கார்ந்து வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். அம்மா தலையாட்டிக் கேட்டார். பிறகு கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு செல்வி அக்கா வீட்டுக்குப் போனார். செல்வி அக்காவின் மகளும் அப்போது ஆங்கிலம் நன்றாக வாசிப்பாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, “நீ சொன்னதுதான் அதிலயும் கிடக்கு” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அரிசிக்குக் கல் பார்ப்பது போல ஒரு வேலை, செய்துவிட்டு வந்தார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் கடிதத்துக்கும் இரண்டு வாசிப்பு. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்தபோதும் அப்படித்தான். எங்கள் குடும்பத்திலிருந்து முதலாவதாகப் போகிறவன் நான் என்ற செய்தியை, நான் வாசித்து அம்மா அழவில்லை. ஒழுங்கையைக் கடந்து போய், அந்தப் பிள்ளை வாசித்த பிறகு, அங்கே நின்றுதான் அழுதாராம். செல்வி அக்கா வந்து சொன்னார்.

படிப்பு முடித்து இப்போது நகரில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன். மனுக்களும் கடிதங்களும் வாசிப்பதே தொழில். ஆட்கள் எதிரே கதிரையில் இருந்து என் வாயைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்த பிறகே வாயைத் திறக்கிறேன். எல்லோரும் என்னை மெதுவான ஆள் என்கிறார்கள்.

அண்ணா இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துக் கதைக்கிறார். முன்தலை முடி கொட்டி வெளித்துவிட்டது. போன மாதம் கதைத்து முடித்த கையோடு அம்மா அலுமாரியைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இன்னும் எதற்கு அம்மா என்று கேட்டேன். அண்ணாவின் முகத்தையே இப்போது நேராகப் பார்க்கலாமே.

“அவன் போனில சிரிச்சுச் சிரிச்சுத்தான் கதைப்பான். நாங்கள் யோசிப்பம் எண்டு. அதை நம்ப ஏலாது” என்றார். பெட்டியை வெயிலுக்குச் சரித்தார். “இதுக்கு அப்பிடி நடிக்கத் தெரியாது.”

ஊரின் மூன்று கட்டடங்களுக்கு நடுவே அம்மா கடற்கரைக்குப் போனார். பின்னால் என் பெயரில் உள்ள எலி போனது. விளிம்பில் நின்று திரும்பிப் பார்த்தார். அது சிரித்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எண்ணி எண்ணிப் பொத்தான்களை அமத்திச் சேமித்தார்.

அண்ணாவின் மணித்தியாலங்கள் எத்தனை என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அழிப்பதற்கு முன்னால் நான் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. அம்மாவினது தெரியும். இருநூற்று ஐம்பத்தைந்து மணித்தியாலமும் ஐம்பத்தொன்பது நிமிடமும், பெட்டி எண்ணிய வரைக்கும்.